இன்ஃபன்ட், டாட்லர், கிட்: தமிழில் எல்லாமே 'குழந்தை' தானா?

பழுப்புத்தாள்:

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். குழந்தை வளர்ப்புக் கையேடு, அறுபது பக்கம். முதல் பக்கத்திலேயே, நியூபார்ன், இன்ஃபன்ட், டாட்லர், பிரீஸ்கூலர் ஆகியோரைப் பராமரிப்பவர்களுக்கான நூல் இது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. என் முதல் வரைவில் இந்த நான்கும் 'பிறந்த குழந்தை, குழந்தை, சிறு குழந்தை, பள்ளிக்குப் போகாத குழந்தை' என்று வந்து நின்றன. அப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நேற்று மெய்ப்பு பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பத்தொன்பதாம் பக்கத்தில், 'குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது' என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தோராம் பக்கத்தில், 'இருமும் குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் கொடுக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். மூலத்தில் முன்னது இன்ஃபன்ட், பின்னது டாட்லர். அங்கே முரண்பாடே இல்லை. நான்தான் உண்டாக்கியிருக்கிறேன்.

வேலை கொடுத்தவர்கள் இன்ஃபன்டுக்கு 'மழலை' என்று போடச் சொல்கிறார்கள். அட்டையில்கூட 'மழலை நலம்' என்றுதான் இருக்கிறது. எனக்கு உறுத்துகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. டாட்லருக்கோ என்னிடம் சொல்லே இல்லை. உதவுங்கள்.

மருந்தறை:

குழந்தைகள் வார்டில் பல வருடம் செவிலியாக இருந்தவள். சொல் ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. அந்தத் தேன் வரியைப் பார்த்ததும் பதறிப்போய் எழுதுகிறேன்.

தேனில் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவற்றால் ஒன்றும் ஆகாது. 12 மாதம் நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். தசைகள் தளரும், அழுகுரல் மெலியும், உறிஞ்சிப் பால் குடிக்க முடியாமல் போகும், மூச்சுவரைக்கும் பாதிக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் லேசில் போகாது. அதனால்தான் 1 வயதுவரை நாக்கில் தடவக்கூட வேண்டாம் என்கிறோம். 1 வயதைத் தாண்டிய பிறகு இருமலுக்குத் தேன் நல்ல கைமருந்துதான். ஆக உங்கள் கையேட்டின் இரண்டு பக்கங்களும் சரி. நடுவில் நிற்கும் கோடு 12 மாதம்.

எங்கள் துறைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிறந்து 28 நாளுக்குள் நியூபார்ன், மருத்துவர் வாயில் நியோனேட். 1 வயதுவரை இன்ஃபன்ட். 1 முதல் 3 வரை டாட்லர். 3 முதல் 5 வரை பிரீஸ்கூலர். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் பிரீடெர்ம், வீட்டுப் பேச்சில் பிரீமி. பிறக்கும்போது எடை 2500 கிராமுக்குக் குறைந்தால் அதற்குத் தனிப்பெயர், அது வயதுக் கணக்கில் சேராது.

இன்னொன்று. காய்ச்சல் மருந்து இன்ஃபன்டுக்குச் சொட்டாகவும் பெரிய பிள்ளைக்குச் சிரப்பாகவும் வரும். ஒரே மருந்துதான், ஆனால் ஒரு மில்லிலிட்டர் சொட்டில் இருக்கும் அளவு சிரப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கக்கூடும். இரண்டையும் 'குழந்தைகளுக்கான மருந்து' என்று ஒரே பெயரில் எழுதினால், சிரப்பு அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுக்க ஒருவர் போதும். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் மாதக் கணக்கை எழுதாமல் விடாதீர்கள்.

வேர்தேடி:

'மழலை' ஏன் உறுத்துகிறது என்று நான் சொல்கிறேன். இன்ஃபன்ட் என்பதன் வேர் லத்தீனில் 'இன்ஃபன்ஸ்'. 'இன்' என்றால் இல்லை, 'ஃபன்ஸ்' என்றால் பேசுகிற. ஆக, பேசாதது. மழலை என்பது என்ன? குழந்தையின் பேச்சு. எழுத்து உருண்டும் குழைந்தும் வரும் பேச்சு, ஆனாலும் பேச்சு. பேசாத குழந்தைக்குப் பேச்சின் பெயரை வைக்கிறார்கள். நேர் எதிர்!

இந்த இன்ஃபன்ஸ் போன இடமெல்லாம் வேடிக்கை. ஸ்பெயினில் அரசரின் மகள் 'இன்ஃபன்டா', எத்தனை வயதானாலும். இத்தாலியில் 'இன்ஃபன்டே' என்றால் இளைஞன், பிறகு குதிரையில்லாமல் நடந்து போகும் சிப்பாய்; அங்கிருந்துதான் காலாட்படைக்கு 'இன்ஃபன்ட்ரி' என்ற பெயர். வாயில்லாப் பிள்ளை துப்பாக்கி தூக்கிக்கொண்டு அணிவகுத்த கதை இது.

அரைச்சட்டை:

வேர்தேடி ஐயா, வேரைப் பார்த்தா யாராவது பேசுகிறார்கள்? 'மழலைச் செல்வம்' என்று வாழ்த்தும்போது அந்தச் செல்வம் பேசத் தொடங்கிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மாதக் குழந்தையைப் படம் எடுத்து, கீழே 'மழலைச் சிரிப்பு' என்று போடுகிறார்கள். வழக்கு வந்துவிட்டது, விடுங்கள். ஆங்கிலேயர்கள் மட்டும் பேசாதது என்று நினைத்தா இன்ஃபன்ட் என்கிறார்கள்? பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

வேர்தேடி:

வாழ்த்து அட்டையில் போட்டுக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதே கையேட்டில் பிரீஸ்கூலர் வருகிறான். அவன் போகும் இடத்துக்கு நாம் ஏற்கெனவே 'மழலையர் பள்ளி' என்று பெயர் வைத்தாயிற்று. மூன்று வயதுக்காரன் கொஞ்சிப் பேசுகிறான், அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. பத்தாம் பக்கத்து மழலைக்கு ஆறு மாதம், ஐம்பதாம் பக்கத்து மழலைக்கு நாலு வயது என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்? தேன் கதை மறுபடியும் வரும்.

அரைச்சட்டை:

அது சரி. அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். வேருக்காக இல்லை, குழப்பத்துக்காக.

சட்டப்பை:

இன்ஃபன்டைப் பற்றி ஒரு துணுக்கு. இங்கிலாந்துச் சட்டத்தில் நெடுங்காலம் 21 வயது நிறையாத எவரும் இன்ஃபன்ட்தான். மீசை வைத்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனவர்கூட ஒப்பந்த வழக்கில் இன்ஃபன்ட். 1969இல் வந்த குடும்பச் சட்டத் திருத்தம் வயதை 18 ஆகக் குறைத்தது, இன்ஃபன்ட் என்பதற்குப் பதில் மைனர் என்று சொல்லலாம் என்றும் எழுதிவைத்தது. பழைய தீர்ப்பை மொழிபெயர்க்கும் யாரேனும் 'அந்தப் பச்சிளங்குழந்தை குதிரை வாங்கக் கையெழுத்திட்டது' என்று எழுதிவிடக் கூடாது.

அதே இங்கிலாந்தில் 'இன்ஃபன்ட் ஸ்கூல்' என்றால் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகள் படிக்கும் இடம். அவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். சைல்ட் என்பதோ இன்னும் அகலம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரும் சைல்ட். அதனால் எந்தத் துறைத் தாள் என்று பார்க்காமல் இந்தச் சொற்களைத் தொடாதீர்கள்.

இரட்டையர் தாய்:

இன்ஃபன்ட் என்ற சொல்லுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன், அதனால் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

விமானக் கணக்கில் 2 வயது நிறையாத வரை இன்ஃபன்ட், மடியில் வைத்துக்கொள்ளலாம். 2 முதல் 12க்குள் சைல்ட், தனி இருக்கை. என் இரட்டையர்கள் போகும்போது 1 வயது 11 மாதம். மூன்று வாரம் தங்கல், அதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது. திரும்பி வரும் நாளில் விமான நிறுவனத்தின் முகப்பில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'இவர்கள் இப்போது இன்ஃபன்ட் இல்லை அம்மா' என்றார். இரண்டு புதிய டிக்கெட். போகும்போது மடியில் உட்கார்ந்து வந்த அதே இரண்டு பேர்தான். வரும்போதும் தனி இருக்கையில் ஒரு நிமிடம் உட்காரவில்லை, என் மடிமேலேயே தூங்கினார்கள். டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் தேதியையும் பார்த்திருக்க வேண்டும், தவறு என் பேரில்தான்.

மருந்தறை அக்காவிடம் ஒரு சந்தேகம். டாட்லர் 1 வயதில் தொடங்குகிறது என்கிறீர்கள். என் மகள் பத்தாம் மாதமே நடந்துவிட்டாள். மகன் பதினைந்தாம் மாதம்வரை தவழ்ந்தான். ஒரே நாளில் பிறந்த இருவரில் ஒருத்தி டாட்லர், ஒருவன் இல்லையா?

மருந்தறை:

நல்ல கேள்வி, தங்கையே. டாட்ல் என்றால் சிறு அடி வைத்துத் தள்ளாடி நடப்பது. சொல் பிறந்தது அந்த நடையிலிருந்து. வயது பிறகு அட்டவணைக்காக ஒட்டப்பட்டது. துணையில்லாமல் நடப்பது எட்டாம் மாதத்திலிருந்து பதினெட்டாம் மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், உங்கள் பிள்ளைகள் இருவருமே அதற்குள் அடக்கம். தடுப்பூசி அட்டைக்கும் தேனுக்கும் வயதுதான் பேசும். மாடிப்படிக்குக் கதவு போடுவதற்கு நடைதான் பேசும். உங்கள் மகளுக்குப் பத்தாம் மாதமே கதவு தேவைப்பட்டிருக்கும், தேன் மட்டும் கூடாது.

இரட்டையர் தாய்:

தேவைப்பட்டது, அக்கா! அவள் நடந்த நடை இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு கையையும் காதுக்கு மேலே தூக்கிக்கொள்வாள். கால் அகன்று, வயிறு முன்னே போக, உடம்பு பின்னே வரும். நான்கு அடி வைத்துத் தொப்பென்று உட்காருவாள். விழுந்ததும் அழுவதில்லை. முதலில் சுற்றிப் பார்ப்பாள், யாராவது கவனித்தோமா என்று. கவனித்திருந்தால்தான் அழுகை. இதற்கு ஒரு தமிழ்ச் சொல் இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

வேர்தேடி:

இருக்கிறது: தளர்நடை. பிள்ளைக்கவிகள் கொஞ்சித் தீர்த்த சொல். 'தளர்நடைக் குழந்தை' என்று தாராளமாக எழுதலாம்.

அரைச்சட்டை:

என் அப்பாவுக்கும் தளர்ந்த நடைதான், வயது எண்பத்திரண்டு. இலக்கியம் படித்தவருக்கு உங்கள் சொல் இனிக்கும். மருந்துக் கையேட்டைப் பிரிக்கும் இளம் தாய், பிள்ளைக்குக் கால் பலவீனம் என்று நினைத்து டாக்டரிடம் ஓடுவாள்.

'தத்தித் தத்தி நடக்கிறது' என்றுதானே வீட்டில் சொல்கிறோம்? 'தத்துநடைக் குழந்தை' எப்படி?

சட்டப்பை:

வேண்டவே வேண்டாம். கண் வேகமாக ஓடினால் அது தத்துக் குழந்தை ஆகிவிடும். அப்புறம் எனக்குத்தான் தொலைபேசி வரும்.

வேர்தேடி:

பிள்ளைத்தமிழில் இதற்கு ஒரு பருவமே இருக்கிறதே. பத்துப் பருவம். செங்கீரையில் குழந்தை கையும் முழங்காலும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணியில் உட்கார்ந்து கை கொட்டுகிறது. முத்தத்தில் அது தர வேண்டும் என்று கெஞ்சுகிறோம். அடுத்தது வருகை, நடந்து வா என்று அழைப்பது. டாட்லர் என்ற சொல்லில் ஆங்கிலம் கண்டதை நாம் ஓர் இலக்கிய வகையாகவே கட்டி வைத்திருந்தோம்: பிள்ளையை மாதத்தால் மட்டும் எண்ணாமல், அது செய்வதால் அழைப்பது.

அரைச்சட்டை:

அழகுதான். ஆனால் 'வருகைக் குழந்தை' என்றால் ஆசிரியர் பதிவேட்டோடு வந்து நிற்பார்.

பழுப்புத்தாள்:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே வேலை செய்கிறேன், சண்டை உதவுகிறது. தொடருங்கள். இன்னொரு தலைவலி 'கிட்'. கையேட்டில் இடையிடையே தோழமையாக 'யுவர் கிட்' என்று வருகிறது. உங்கள் பிள்ளை என்று எழுதினால் மரியாதையாகிவிடுகிறது, அந்த விளையாட்டுத் தொனி போய்விடுகிறது.

வேர்தேடி:

இதற்காகத்தான் காத்திருந்தேன். கிட் என்றால் ஆட்டுக்குட்டி. பழைய நார்ஸ் மொழிச் சொல். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சையாகப் பிள்ளைகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 'கிட்நாப்' 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சொல்: கிட் பிள்ளை, நாப் பறிப்பது. பிள்ளைகளைக் கவர்ந்து கப்பலேற்றி அமெரிக்கத் தோட்டங்களுக்கு வேலைக்கு அனுப்பிய கும்பல்களைக் குறிக்க எழுந்த பெயர். இப்போது பெரியவரைக் கடத்தினாலும் அதுதான்.

ஆங்கிலக்காரர் பிள்ளைகளை ஒரு பட்டியே ஆக்கிவிட்டார். 'டைக்' முதலில் நாட்டு நாய். 'அர்ச்சின்' முள்ளெலி, தெருவில் திரியும் பிள்ளைக்கு அந்தப் பெயர். 'கப்' கரடி, சிங்கக் குட்டி. செடியும் தப்பவில்லை: இன்று குறும்புக்காரப் பிள்ளையைச் சொல்லும் 'இம்ப்' பழைய ஆங்கிலத்தில் இளந்தளிர். தளிர் வாரிசானது, வாரிசு பிசாசின் வாரிசானது, பிசாசுக் குட்டி கடைசியில் வீட்டுக் குறும்பனானது.

நம் தொல்காப்பியர் இந்தக் கலப்பைக் கண்டால் முகம் சுளித்திருப்பார். மரபியலில் இளமைப் பெயர்களை எண்ணி வைக்கிறார்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஒன்பது. மக்களுக்கு இவற்றில் குழவி, மகவு இரண்டுதான் உரியவை, மற்றவை ஆகா என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அரைச்சட்டை:

யார் கேட்டார்கள்? அவர் விலக்கிய 'பிள்ளை' தான் இன்று ஊரெல்லாம். கீரிக்கும் பிள்ளை, தென்னைக்கும் பிள்ளை, எனக்கும் இரண்டு பிள்ளை. அதற்கு மேல் குட்டி, குஞ்சு குளுவான், நண்டு சிண்டு. நமக்கும் ஒரு பட்டி இருக்கிறது ஐயா. பழுப்புத்தாள், உங்கள் கிட்டுக்கு 'உங்கள் வீட்டு வாண்டு' என்று போடுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும், இல்லாவிட்டால் திகட்டும்.

பழுப்புத்தாள்:

வாண்டு! எடுத்துக்கொண்டேன்.

சட்டப்பை:

ஆங்கிலத்தில் சில சொற்கள் பாலும் மாறியிருக்கின்றன. கேர்ள் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் ஆண் பெண் இருபாலுக்கும் பொதுவான பிள்ளை. மறுபுறம் சைல்ட் என்பதைப் பெண் குழந்தை என்ற பொருளில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஓர் இடையன் சொல்கிறான்: கண்டெடுத்த குழந்தையைப் பார்த்து, பையனா சைல்டா என்று கேட்கிறான்.

சில்ட்ரன் என்ற பன்மையும் விசித்திரம். பழைய 'சில்ட்ரு' ஏற்கெனவே பன்மை. அது போதாதென்று இன்னொரு பன்மை விகுதியைச் சேர்த்தார்கள். நாம் 'குழந்தைகள்கள்' என்று சொல்வது மாதிரி.

இரட்டையர் தாய்:

என் மாமியார் என்னிடம் 'குழந்தை என்ன செய்கிறது' என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்த தோழி, 'அது, இது என்கிறீர்களே, குழந்தை என்ன பொருளா' என்றாள். அவளே ஆங்கிலத்தில் பேபியை 'இட்' என்பாள்.

வேர்தேடி:

மாமியார் பக்கம் இலக்கணம் இருக்கிறது. மகவு, குழவி இரண்டும் உயர்திணையைச் சுட்டினாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பட்டியலிடுகிறார். ஜெர்மனில் பிள்ளைக்கு உள்ள 'கிண்ட்' என்ற சொல்லும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, அலிப்பால்தான். 'குழந்தை அழுகிறது' என்பதில் அவமதிப்பு ஏதும் இல்லை. 'குழந்தை அழுகிறார்' என்று எழுதிய ஒரு விளம்பரத்தை நான் பார்த்திருக்கிறேன், அதைப் படித்துவிட்டு நான்தான் அழுதேன்.

பேபிக்கு வேர் தேட வேண்டாம், பா பா என்று பிள்ளை உளறும் ஒலியே அது. நம் பாப்பாவும் அப்படி ஒலிப்பதைக் கவனியுங்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் உதடு ஒன்றுதான்.

மருந்தறை:

ஒரு விஷயம் விட்டுப்போனது. கையேட்டில் 'வீன்' என்று வினைச்சொல் வரும், பால் மறக்கடிப்பது. ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய தாள் ஒன்றில் அதே எழுத்துகளில் ஒரு பெயர்ச்சொல்லைக் கண்டு நான் ஒருமுறை திகைத்தேன். அங்கே அதை 'வேன்' என்று சொல்வார்கள், பொருள் சின்னப் பிள்ளை. 'வீ ஏன்', குட்டி ஒன்று என்பதன் சுருக்கம். பாலை மறக்கடிப்பதும் இல்லை, வண்டியும் இல்லை. அவர்களே பிள்ளையை 'பேர்ன்' என்றும் சொல்வார்கள், பெற்றெடுப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பெற்ற பிள்ளை என்கிறோமே, அதுவே.

'சிசு' என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே? சிசு மரண விகிதம் என்று அரசுத் தாள்களில் வருவது 1 வயதுக்குள் இறப்பதைத்தான், ஆயிரம் உயிருள்ள பிறப்புக்கு எத்தனை என்று. பொருள் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஸ்கேன் அறிக்கையில் கருவில் இருப்பதையும் சிசு என்கிறார்கள். தாயிடம் போய் 'உங்கள் சிசுவுக்கு' என்று தொடங்கினால் அவர் முகம் வெளுத்துவிடும். மரணத்தோடு சேர்ந்தே அந்தச் சொல் காதில் விழுந்து பழகிவிட்டது.

அரைச்சட்டை:

'கைக்குழந்தை' என்ன குற்றம் செய்தது? பஸ்ஸில், கோயிலில், வரிசையில், 'கைக்குழந்தைக்காரி, வழி விடுங்கள்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. நடக்காது, இடுப்பிலோ தோளிலோ இருக்கும். இறக்கிவிட்டால் அது டாட்லர்.

வேர்தேடி:

இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில்கூட 'பேப் இன் ஆர்ம்ஸ்' என்பார்கள். தோற்றேன், மகிழ்ச்சியோடு.

இரட்டையர் தாய்:

அப்படியென்றால் டாட்லர் 'நடைபழகும் குழந்தை'. தளர்வும் இல்லை, தத்தும் இல்லை. நான் என் தாயிடம் தொலைபேசியில், 'நடை பழகுகிறாள்' என்றுதான் சொன்னேன்.

பழுப்புத்தாள்:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வேலை கொடுத்தவர்களுக்கு இந்தப் பட்டியலை அனுப்பினேன்: 28 நாள்வரை பச்சிளங்குழந்தை, 12 மாதம்வரை கைக்குழந்தை, 1 முதல் 3 வயது நடைபழகும் குழந்தை, 3 முதல் 5 மழலை. மருந்தறை அம்மா சொன்னபடி தேன், மருந்து, உணவு வரும் எல்லா வரிகளிலும் மாதத்தையும் எண்ணில் சேர்த்துவிட்டேன். முப்பத்தோராம் பக்கம் இப்போது 'இருமும் நடைபழகும் குழந்தைக்கு, 12 மாதம் நிறைந்திருந்தால் மட்டும்' என்று தொடங்குகிறது. வாக்கியம் கொஞ்சம் தள்ளாடுகிறது, இருக்கட்டும்.

உள்பக்கம் முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். வாண்டு அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அட்டையை மட்டும் மாற்ற முடியாதாம், ஐயாயிரம் அட்டை முன்பே அச்சாகிவிட்டது. 'மழலை நலம்' என்ற எழுத்தின் கீழே, கண்கூடத் திறக்காத, பிறந்து இரண்டு நாளான குழந்தை தூங்குகிறது.

அரைச்சட்டை:

தூங்கட்டும். எழுப்பினால் பேசவா போகிறது?